மலைக்குப் போகும் கடிகாரம்

வாட்ச் ரிப்பேர்க் கடைக்கு வரும் புகார்கள் நான்கே வகை. ஓடவில்லை, நின்று நின்று ஓடுகிறது, முந்துகிறது, பிந்துகிறது. முதல் இரண்டில் பெரிய சிக்கல் இல்லை. தூசி, காய்ந்த எண்ணெய், அறுந்த மெயின் ஸ்பிரிங் என்று ஏதாவது ஒன்று ஐகிளாஸில் தெரிந்துவிடும். கழுவி, மாற்றி, எண்ணெய் வைத்தால் ஓடும். முந்துவதும் பிந்துவதும்தான் ஆளைச் சோதிக்கும். ஏனென்றால் அந்த வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே எல்லாம் அதனதன் வேலையைச் செய்கின்றன. "எதைவிட முந்துகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அதில் கைவைக்க முடியாது. மதுரையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நான் அதிகம் யோசித்தது இந்தக் கேள்வியைத்தான். கடிகாரம் நேரத்தை அளக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு விஷயம் அவ்வளவு நேராகத் தெரியவில்லை.

எச்.எம்.டி. ஜனதாவையே எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பிள்ளை. 17 கல், கையால் சாவி கொடுக்கும் மெஷின். பின்மூடியைத் திறந்தால் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருக்கும். அதுதான் பேலன்ஸ் வீல். அதன் நடுவில் சுருளாக, தொட்டால் கெட்டுப்போகிற மெலிவில், ஹேர் ஸ்பிரிங். சக்கரம் ஒரு பக்கம் போனதும் ஸ்பிரிங் அதை இழுத்துத் திருப்பும், நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு முறை நடுவைக் கடக்கும்போதும் பாலட் விலகி எஸ்கேப் வீலை அரைப்பல் அளவுக்கு விடும். காதில் விழும் 'டிக்' அதுதான். வினாடிக்கு 5, மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. மற்றச் சக்கரங்கள் எல்லாம் கணக்குப்பிள்ளைகள். இத்தனை டிக் ஆனால் வினாடி முள்ளை இவ்வளவு தள்ளு, இத்தனை ஆனால் நிமிட முள்ளை இவ்வளவு தள்ளு என்று கூட்டிக்கொண்டே போவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது.

ஆக, அந்தப் பெட்டிக்குள் நேரம் என்ற ஒன்று நுழைகிற இடமே இல்லை. ஒரு ஸ்பிரிங் ஒரு சக்கரத்தைத் திருப்புகிறது, அதை எண்ணுகிறார்கள். ஜனதா நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது என்றால், 4,32,000 டிக் அடிக்க வேண்டிய இடத்தில் 150 டிக் கூடுதலாக அடித்திருக்கிறது என்று அர்த்தம். கழுவி மாட்டியதும் ரெகுலேட்டர் நாக்கை ட்வீசர் நுனியால் மைனஸ் பக்கம் தட்டுகிறோம். நகர்ந்ததா இல்லையா என்று கண் சொல்லாது, அவ்வளவு சிறிய தட்டு. ஹேர் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் நீளம் கொஞ்சம் கூடுகிறது, இழுப்பு தளர்கிறது, 150 டிக் குறைகிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். முந்துகிற வாட்ச் வந்தால் அவர் உடனே திறக்க மாட்டார். கொண்டுவந்தவரை உட்காரவைத்து விசாரிப்பார். என்ன வேலை, எங்கே கழற்றி வைப்பீர்கள், ராத்திரி தலைமாட்டில் என்ன இருக்கும். "வாட்ச் தப்பாப் போகல தம்பி. தனக்கு என்னமோ ஆயிருக்குன்னு சொல்லுது. என்னான்னு கேட்டுட்டுத் தொறப்போம்" என்பார்.

ஒருநாள் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறவர் தன் ஜனதாவைக் கொண்டுவந்தார். மணிக்குச் சில நிமிடம் முந்துகிறது. பாய் மேசை இழுப்பறையிலிருந்து சின்னத் திசைகாட்டியை எடுத்து வாட்ச் மேல் வைத்தார். அதன் ஊசி நடுங்கியது. பேலன்ஸ் வீல் புரள்கிற அதே கதியில் நடுங்கியது. ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறிப் போயிருந்தது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகும்; சக்கரம் வேகமாகத் திரும்பும். கரண்ட் ஓடுகிற காயிலுக்குள் வாட்சை நுழைத்து, மெதுவாக, நிதானமாக வெளியே இழுத்தால் காந்தம் போய்விடும். திறக்கவே வேண்டியதில்லை. இன்றைக்கு ஸ்பீக்கர் மெக்கானிக் வேண்டாம். ஹேண்ட்பேக்கின் காந்தப் பொத்தானும் செல்போன் கவரும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

அந்த ஜனதா தன் சக்கரத்தின் அசைவை ஒன்று விடாமல் எண்ணியிருந்தது. காந்தம் இருந்ததையும் சரியாகவே காட்டியது. எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. கடிகாரம் ஒவ்வொன்றும் தன்னைத் தொடுகிற எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. எண்ணெய் கெட்டியாகிவிட்டதா, டயல் மேலே பார்க்கக் கிடக்கிறதா, கிரவுன் கீழே தொங்குகிறதா, வெயிலில் கிடந்ததா, எல்லாம் அந்த டிக்கில் இருக்கின்றன. பழைய எஃகு ஹேர் ஸ்பிரிங் சூட்டில் தளரும். ஒரு டிகிரி ஏறினால் நாளுக்குச் சுமார் 10 வினாடி பிந்தும். அப்படிப்பட்ட வாட்ச் பாதிக்குப் பாதி வெப்பமானிதான். வெப்பத்துக்கு அசையாத உலோகக் கலவைகளைக் கண்டுபிடித்த ஷார்ல் எதுவார் கியோம், சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். அதற்காக 1920இல் இயற்பியல் நோபல் வாங்கினார். எங்கள் தொழிலின் தலைவலி ஒன்றைத் தீர்த்ததற்கு நோபல் கிடைத்தது என்பதை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லத் தயங்கமாட்டேன்.

வெப்பத்தையும் காந்தத்தையும் எண்ணெயையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் நேரமா? வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கழித்தாயிற்று என்று யார் சொல்வது? இன்னொரு கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

சர்வீஸ் முடிந்த வாட்சுகளை வரிசையாக மாட்டி இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, சுவரில் இருந்த பெரிய பெண்டுலம் கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பது கடை வழக்கம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் மாட்டியிருந்தவை எல்லாமே முந்தியிருந்தன. ஜனதா, பைலட், பழைய சுவிஸ் மெஷின்கள், ஒரு குடும்பத்தார் பாட்டனார் காலத்திலிருந்து வைத்திருக்கிற பாக்கெட் வாட்ச் ஒன்று, எல்லாம் ஒரே அளவு. நான் ட்வீசரை எடுக்கப் போனேன். பாய் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கதவைத் திறந்தார். "ஒருத்தன் மாத்திச் சொன்னா அவனைப் பாரு. அத்தனை பேரும் ஒரே மாதிரி மாத்திச் சொன்னா, நீ எதை வச்சுப் பாக்குறியோ அதைப் பாரு."

இதையே பூமிக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வினாடி என்பது அப்போதெல்லாம் ஒரு நாளில் 86,400இல் ஒரு பங்கு. அதாவது பூமி சுழல்வதுதான் சுவர்க் கடிகாரம். அதை வைத்துக் கணக்கிட்டால் நிலா, முன்கூட்டிச் சொன்ன இடத்தைவிட முந்தி நின்றது. நிலாவின் ஓட்டத்தில் ஏதோ புரியாத கோளாறு என்று வானியலாளர்கள் நெடுங்காலம் குழம்பினார்கள். இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஹரால்டு ஸ்பென்சர் ஜோன்ஸ் 1939இல் நிலா, சூரியன், புதன் மூன்றின் ஏற்ற இறக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அதே விகிதத்தில் அது முந்தியோ பிந்தியோ இருந்தது. மூன்றும் கூடிப் பேசிக்கொண்டு கெட்டுப்போக வழியில்லை. பூமிதான் சீராகச் சுழலவில்லை. மொத்தத்தில் அது மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டு வருகிறது. கடலை நிலா இழுப்பதால் வரும் உராய்வு பெரும் காரணம்.

அதனால்தான் 1967இல் வினாடியைப் பூமியிடமிருந்து எடுத்துச் சீசியம் அணுவிடம் கொடுத்தார்கள். சீசியம்-133 அணு இரண்டு நிலைகளுக்கு இடையே மாறும்போது தொடர்புடைய கதிர்வீச்சின் 9,19,26,31,770 அலைவுகள் ஒரு வினாடி. ஜனதாவின் 5க்கும் இதற்கும் எண்ணிக்கையில்தான் வித்தியாசம், வேலை ஒன்றுதான். ஏதோ ஒன்று அலைகிறது, யாரோ எண்ணுகிறார்கள். பூமி பின்தங்குகிறபோது அணுக் கடிகாரங்களில் ஒரு வினாடி சேர்த்துச் சமன் செய்தார்கள். 1972இலிருந்து இதுவரை 27 முறை. கடைசியாக 2016 டிசம்பர் 31. நமக்கு அப்போது 2017 புத்தாண்டு அதிகாலை 5.30 மணி. பூமியோடு ஒட்டவைக்கும் இந்த வேலையை 2035க்குள் நிறுத்திவிடுவதென்று 2022இல் முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நம் கைக்கடிகாரம் சூரியனை விட்டு விலகி வெகுநாளாயிற்று. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குக்கு உரியது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் உச்சிக்கு வரச் சராசரியாக 12.17 ஆகிவிடும். பிப்ரவரியில் 12.30ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் 12.01. உச்சிவெயிலைப் பார்த்து வாட்சில் டைம் வைக்கலாம் என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறும்.

சுவர்க் கடிகாரத்துக்கு வருகிறேன். கொடைக்கானலில் இருந்து பழைய பெண்டுலம் கடிகாரங்கள் எங்கள் கடைக்கு வரும். அங்கே இருக்கிற பழைய பங்களாக்களில் அவை நிறைய உண்டு. சரிசெய்து, மதுரையில் ஒரு வாரம் ஓடவிட்டு, நேரம் கச்சிதமாக இருக்கிறது என்று கொடுத்தால் மேலே போனதும் பிந்தும். பாய்க்கு இது அனுபவத்தில் தெரியும். "மலைக்குப் போற கடியாரமா? கொஞ்சம் முந்த வச்சுக் குடு" என்பார். குண்டுக்குக் கீழே இருக்கும் திருகை அவரே ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பெண்டுலத்தைச் சற்று மேலே ஏற்றுவார். எதற்கு என்று கேட்டால் மலைக்காற்று, குளிர் என்பார். குளிர் உண்மையில் எதிர்த்திசையில் வேலை செய்யும். எஃகுத் தண்டு குளிரில் சுருங்கும். டிகிரிக்கு நாளுக்கு அரை வினாடி வீதம் கடிகாரம் முந்தும். பிந்த வைப்பது புவியீர்ப்பு. பெண்டுலத்துக்கு ஹேர் ஸ்பிரிங் கிடையாது; அதைத் திருப்பி இழுப்பது பூமிதான். இரண்டாயிரம் மீட்டர் ஏறினால் அந்த இழுப்பு சற்றே தளர்கிறது. நாளுக்கு இருபது வினாடி அளவுக்குப் பிந்துவதற்கு அது போதும். ஒரு மீட்டர் நீளப் பெண்டுலத்தை அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் சரியாகிவிடும். காரணத்தை வேறாகச் சொன்னாலும் பாயின் கை சரியான அளவுக்குத்தான் திருப்பியது.

1672இல் ஷான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரிபார்த்த பெண்டுலம் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். பூமத்தியரேகைக்குப் பக்கத்து ஊர். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பெண்டுலத்தை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று நியூட்டன் வாதாடியபோது இந்தக் கடிகாரமும் அவருக்குச் சாட்சி. நேரம் பார்க்கக் கொண்டுபோன பொருள் பூமியின் வடிவத்தை அளந்துகொண்டு வந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் அப்படி மலையேறிய கடிகாரம் ஒன்று உண்டு. லண்டனில் ஜான் ஷெல்டன் செய்தது. கடல் மட்டத்தில், மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்துவிட்டு மேலே போனது. அதன் பெண்டுலத்தை மேலே யார் திருகி வைத்தார்களோ, அவர்கள் எங்கள் ஆட்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே கொடைக்கானலுக்கு ஜனதாவைக் கட்டிக்கொண்டு போனால் இந்த இருபது வினாடி பிந்தல் அதற்கு வராது. ஸ்பிரிங் இழுப்பதற்கு மலையும் ஒன்றுதான், மதுரையும் ஒன்றுதான். ஆக, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் அவை ஒன்றோடொன்று முரண்படும். முரண்படுவதால்தான் கோளாறு கடிகாரத்தில் என்று தெரிகிறது. குவார்ட்ஸும் அப்படியே. சீக்கோ 1969 கிறிஸ்துமஸ் அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் ஓசூரிலிருந்து டைட்டன் வந்த பிறகு எங்கள் பெஞ்சில் ஹேர் ஸ்பிரிங் வேலை வற்றிப்போய், செல் மாற்றுவதும் காயில் மாற்றுவதுமாக ஆனது. குவார்ட்ஸ் வாட்சில் ஒரு சிறு படிகக் கவை வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை 15 முறை பாதியாக்கினால் ஒன்று. அந்தக் கவைக்குச் சுமார் 25 டிகிரிதான் இஷ்டம். அதற்கு மேலே போனாலும் பிந்தும், கீழே போனாலும் பிந்தும். எஃகு ஸ்பிரிங் சூட்டில் பிந்திக் குளிரில் முந்தும். ஒவ்வொரு ஜாதிக் கடிகாரமும் தன் ஜாதிக்கு உரிய விதத்தில் கெடுகிறது. அதனால்தான் வெவ்வேறு ஜாதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இவ்வளவு பயன்.

அப்போதெல்லாம் ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலிதான் எங்களுக்கு முடிவான தீர்ப்பு. இப்போது செல்போன். அது காட்டும் இந்திய நேரத்துக்குப் பின்னால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால்? உலகெங்கும் உள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட அணுக் கடிகாரங்களின் கணக்கு பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள சர்வதேச எடை, அளவு நிறுவனத்துக்குப் போகிறது. கியோம் வேலை பார்த்ததும் அங்கேதான். அவற்றுக்குத் தரம் பார்த்து மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்து, உன் கடிகாரம் போன மாதம் இத்தனை நானோவினாடி விலகியிருந்தது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் மாதம் ஒரு அறிக்கை வரும். உலகத்தின் ஆகச் சரியான நேரம் எந்த முள்ளிலும் இல்லை. முடிந்துபோன மாதத்துக்குக் காகிதத்தில் கணக்கிட்டுச் சொல்லப்படுகிறது. இதைக் கேட்டு ஏமாற்றமடைகிறவர்கள் உண்டு. எனக்கோ, எங்கள் கடைச் சுவரில் மாட்டியிருந்த வரிசை உலக அளவில் நடக்கிறது என்று பட்டது.

இனி, பாயின் விதி போய் நிற்கிற இடம். ஒரு சீசியம் கடிகாரத்தை மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் வைத்தால் அது நாளுக்குச் சுமார் 20 நானோவினாடி முந்தும். பெண்டுலம் இருபது வினாடி பிந்துகிற அதே மலையில்! அமெரிக்காவில் ஒரு கடிகார ஆர்வலர் 2005இல் இதைச் செய்தே பார்த்தார். மூன்று சீசியம் கடிகாரங்களைக் காரில் ஏற்றி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரெய்னியர் மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினார். வீட்டில் இருந்தவற்றைவிட அவை 22 நானோவினாடி அளவுக்கு முந்தியிருந்தன. ஐன்ஸ்டைனின் கணக்கும் அதையேதான் சொன்னது.

இந்த முந்தலுக்கு எண்ணெய் காரணமில்லை, காந்தமோ குளிரோ காரணமில்லை. கணக்குப்படி குவார்ட்ஸுக்கும் இதே விகிதம், ஜனதாவுக்கும் இதே விகிதம், கொண்டுபோனவரின் நாடித்துடிப்புக்கும் இதே விகிதம். அவற்றில் நம்மால் பார்க்க முடியாத அளவு சிறியது, அவ்வளவுதான். எந்தப் பொருளால் செய்திருந்தாலும், எதை எண்ணினாலும், ஒரே மாதிரி மாறுகிறது. அத்தனை பேரும் ஒரே மாதிரி மாற்றிச் சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார் என்றார் பாய். சரி, கீழே இறங்கி வந்து அதையும் திறந்து பார்த்தாயிற்று. அதிலும் கோளாறு இல்லை. அப்புறம் மாறியது எது? ஜாதி ஜாதியாக மாறுவதைக் கடிகாரத்தின் குற்றம் என்று கழித்தோம். ஜாதி பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒன்றாக மாறுவதற்கு நேரம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. மலைமேல் நேரமே கொஞ்சம் வேகமாகப் போகிறது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உயரத்தால் அவற்றின் கடிகாரங்கள் நாளுக்கு 45 மைக்ரோவினாடி முந்துகின்றன, வேகத்தால் 7 மைக்ரோவினாடி பிந்துகின்றன. நிகரம் 38 முந்தல். அதை அப்படியே விட்டால் செல்போனில் வழி காட்டுவது ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தவறிப்போகும். அதனால் ஏவுவதற்கு முன்பே, தரையில் வைத்தே, அந்த அளவுக்குப் பிந்த வைத்து அனுப்புகிறார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது பாய் ஞாபகம்தான் வந்தது. மலைக்குப் போகிற கடிகாரத்தை அவர் முந்த வைத்தார்; வானத்துக்குப் போவதை இவர்கள் பிந்த வைக்கிறார்கள்.

கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மாடில இருக்கிற கடியாரம் சரியா, கீழ இருக்கிறது சரியாண்ணே?" என்று கேட்டான். ஒரு மாடி உயரத்துக்கு வருடத்துக்குச் சுமார் 10 நானோவினாடி வித்தியாசம் வரும், இரண்டுமே அதனதன் இடத்தில் சரி என்றேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் அந்த வயதில் போதியிருக்காது.

2020இல் முடிவு வெளியான ஒரு சோதனைக்காக டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, சீசியத்தைவிட நுட்பமான இரண்டு ஸ்ட்ரான்ஷியம் கடிகாரங்களை வைத்தார்கள். 450 மீட்டர் வித்தியாசம். மேலே இருந்தது நாளுக்கு நாலு நானோவினாடிக்குச் சற்று அதிகமாக முந்தியது. அந்த முந்தலிலிருந்தே இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிட்டார்கள். வினாடிக்கான இலக்கணத்தை இந்தவகைக் கடிகாரங்களைக் கொண்டு 2030ஐ ஒட்டி மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு டெல்லிக் கடிகாரமும் பாரிஸ் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டுமென்றால், அவை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதை ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தாக வேண்டும்.